பாயோடு ஒட்டுதலும் பயற்று விகிதமும்: மட்டக்களப்பு வாவிக்கரை மரக்கறிச் சட்டி குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மட்டக்களப்புக்குப் போகிறவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பது இலங்கைத் தமிழரிடையே ஊறிப்போன பேச்சு. எந்தப் பசையால் ஒட்டுகிறார்கள் என்பதில்தான் கருத்து வேறுபாடு. இக்கட்டுரை அந்தப் பசையை மந்திரத்திலும் மையிலும் தேடாமல் சோற்றுச் சட்டிக்குள் தேடுகிறது. அவித்த கவுப்பி, பயறு, தணலில் சுட்ட கத்தரிக்காய், பூசணி, வத்தாளங்கிழங்கு, சிவப்பரிசிச் சோறு, கச்சான் சம்பல் ஆகியவை அடங்கிய மரக்கறிச் சட்டியொன்று ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளப்பட்டது. சோற்றின் பங்கு கூடினால் ஒட்டுதல் கூடும். பயற்றின் பங்கு கூடினால் உண்டவர் எழும்பி வேலைக்குப் போவார் என்பது இதன் முடிபு. இம்முடிபை எங்கள் மாமி ஏற்க மறுத்துவிட்டார் என்பதும் ஆய்வு நேர்மை கருதி இங்கேயே பதிவு செய்யப்படுகிறது.

1. ஆய்வுக் களம்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமானது. வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை கிடக்கும் இந்த நீர், நிலத்தை இரண்டாக வகுக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் இடையில் நெருக்குண்ட மணல் துண்டு: ஆரையம்பதி, காத்தான்குடி, குருக்கள்மடம், களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று வேலிக்கு வேலி ஊர்கள், தென்னை, வெற்றிலை, கிணற்றடித் தோட்டம். படுவான்கரை அகன்றது: கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, அதற்கப்பால் வயல், மாடு, சேனை.

இப்புவியியல் நமது ஆய்வுக்கு இன்றியமையாதது. சட்டியின் அடிப்பாகம் முழுக்கப் படுவான்கரை: நெல், கவுப்பி, பயறு. மேற்பாகம் முழுக்க எழுவான்கரை: தேங்காய், கத்தரி, முருங்கை, தேசிக்காய். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அவ்விடத்தில் இவ்விரு பாகங்களும் ‘பாதை’ என்னும் தட்டைப் படகிலேறித்தான் ஒன்றையொன்று சந்தித்தன. ஆகவே இந்தச் சட்டியைச் சமைப்பது வாவியைக் கடக்கும் வேலை என்பதை ஆய்வின் தொடக்கத்திலேயே நிறுவிவிடுகிறோம்.

அடுத்தது களத்தின் முதன்மைச் சிக்கல். வாவியில் இறால் இருக்கிறது, நண்டு இருக்கிறது, கடலில் மற்ற எல்லாம் இருக்கிறது. இவற்றை விட்டு ஒருவர் மரக்கறிச் சட்டிக்கு ஏன் வரவேண்டும்? இதற்குக் காலமே விடை. வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி, கேதாரகௌரி விரதம், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் தீர்த்தம் என்று நாட்காட்டியே ஆண்டின் கணிசமான பகுதியை மீனுக்கு விடுமுறையாக அறிவித்திருக்கிறது. விடுமுறை மீனுக்கே ஒழிய வயிற்றுக்கு அல்ல. எனவே மீன் விட்டுப்போன இடத்தை எது நிரப்புகிறது என்பது நியாயமான ஆய்வு வினாவே.

2. முன்னாய்வுகள்

மட்டக்களப்பு அறிஞர் பெருமக்களுக்குக் குறைவில்லாத மண். 1848இல் எமர்சன் டெனன்ட் இங்கே வந்து, இரவில் தோணியேறி, வாவிக்குள்ளிருந்து எழும் இசையைக் கேட்டார். 1859இல் வெளிவந்த தமது இலங்கை நூலில் அதை எழுதினார். சத்தம் மீனுடையதா, மீனவர் காட்டிய ஊரி என்னும் நத்தையினுடையதா என்று அவர் தொடங்கிய வழக்கு இன்னமும் கல்லடிப் பாலத்தடியில் நிலுவையில் இருக்கிறது. சுவாமி விபுலாநந்தர் இசையையே பிடித்துக்கொண்டு போய் 1947இல் ‘யாழ் நூல்’ என்ற மாபெரும் ஆய்வாக முடித்தார். எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் ‘மட்டக்களப்பு மான்மிய’த்தைப் பதிப்பித்தார். வீ. சீ. கந்தையா 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழக’த்தைத் தந்தார்.

இவர்கள் காது கொண்டும் கண் கொண்டும் ஆய்ந்தவர்கள். நாம் எஞ்சியிருக்கும் உறுப்பான வயிற்றை எடுத்துக்கொண்டோம். பெரியவர்கள் விட்டுவைத்ததைச் சிறியவர்கள் பொறுக்குவது கல்வி மரபுக்குப் புதிதல்ல.

அனைத்துலக நிலையையும் சொல்லவேண்டும். ஐக்கிய நாடுகள் சபை 2016ஆம் ஆண்டைப் பயறுகளின் ஆண்டாக அறிவித்தது. பெப்ரவரி 10 இப்போது உலகப் பயறு தினம். நமது களத்தில் அது பெரும்போக அறுவடைக் காலம். அரிவி வெட்டும் இடத்துக்கு இந்தச் செய்தி போய்ச் சேராவிட்டாலும் கவுப்பி போய்ச் சேர்ந்துவிடும். கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் ‘புரோட்டீன் போல்’ என்ற பெயரில் கடலை, சுட்ட வத்தாளங்கிழங்கு, கீரை, எள்ளுக் குழம்பு ஆகியவற்றை ஒரு கிண்ணத்தில் அடுக்கி, படம் எடுத்து, பிறகு உண்கிறார்கள். நம்மவர் முதலில் உண்பதால் படம் எடுக்கச் சட்டியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆவணச் சான்றுகள் அருகியிருப்பதன் காரணம் இதுவே.

3. ஒட்டுதல் பற்றிய மூன்று கொள்கைகள்

(அ) மந்திரக் கொள்கை. மட்டக்களப்பார் மந்திரம் போட்டு ஒட்டுகிறார்கள் என்பது பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார் பரப்பிய கொள்கை. மகன் உத்தியோகத்துக்கு மட்டக்களப்புப் போய்ப் பொங்கலுக்கும் திரும்பி வராத வீடுகளில் இது உறுதியாக நிலவுகிறது. இக்கொள்கையின் குறை, மந்திரம் படிக்காத வீடுகளிலும் விருந்தாளி ஒட்டிக்கொள்வதை இதனால் விளக்க முடியாமைதான்.

(ஆ) குடிக் கொள்கை. மட்டக்களப்பில் குடி தாய்வழியாக வருகிறது. வீடு மகளுக்குப் போகிறது. கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்கு வந்து சேருகிறான். வெளியூரிலிருந்து வந்த ஆசிரியரோ எழுதுவினைஞரோ இங்கே கலியாணம் செய்தால் இந்த முறைப்படியே வீடு, வளவு, மாமி, பாய் எல்லாம் அவருக்கு ஆயத்தமாக இருக்கும். பிறகு எதற்காகத் திரும்ப வேண்டும்? மானிடவியல் கண்கொண்டு பார்த்தால் இது பலமான கொள்கை. ஆயினும் ஒரு மத்தியானத்துக்கு மட்டும் வந்துபோக நினைத்தவரும் ஒட்டிவிடுகிறாரே, அதற்கு இது விடை தராது.

(இ) சட்டிக் கொள்கை. இதுவே எமது பங்களிப்பு. விருந்தாளி பன்பாயில் சம்மணம் கொட்டி அமர்கிறார். முன்னால் சட்டி வருகிறது. “இன்னங் கொஞ்சம் தின்னு மனே, மறுகா எழும்பலாம்” என்று மாமி சொல்கிறார். அந்த ‘மறுகா’ வருவதற்குள் விருந்தாளி சரிந்துவிடுகிறார். சரிந்தவர் பாயில்தான் சரிவார், ஏனெனில் அவர் இருந்ததே பாயில். மந்திரமும் குடிமுறையும் இதற்குப் பிறகு வந்து சேரும் துணைக்காரணிகள்.

4. பொருளும் முறையும்

நால்வருக்குரிய அளவுகள் கீழே தரப்படுகின்றன. வேறு சமையலறைகளில் மீளச் செய்துபார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதே அறிவியல் நெறி.

பாத்திரம். மட்டக்களப்பு எருமைத்தயிர் மண்சட்டியில் விற்கப்படுவது. தயிர் முடிந்ததும் சட்டியை எறிய மனம் வராமல் வீடுகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். கழுவிக் காயவைத்த தயிர்ச் சட்டி ஒருவருக்கு அளவானது; சூடு காக்கும். பாலில்லாத உணவைத் தயிர்ச் சட்டியில் உண்பதிலுள்ள முரணைச் சட்டி பொருட்படுத்துவதில்லை. காத்தான்குடியில் இதற்கு நேரெதிர் மரபு இருக்கிறது. அங்கே விருந்தென்றால் சகன்: ஒரு பெரிய தட்டைச் சுற்றி எல்லோரும் அமர்ந்து ஒன்றாக உண்பது. சகனில் பக்கத்தவரின் கைவேகம் உங்கள் அளவைத் தீர்மானிக்கும். தனிச்சட்டியில் மாமி தீர்மானிப்பார். கட்டுப்பாட்டுக்குட்பட்ட ஆய்வுக்குத் தனிச்சட்டியே உகந்தது.

கவுப்பி, 200 கிராம். முதல்நாள் இரவே ஊறவைக்க வேண்டும். ஆறிலிருந்து எட்டு மணி நேரம். ஊறும் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு. உப்புப் போட்டால் தானியம் வேகாது என்று சமையலறைகளில் ஒரு வலுவான நம்பிக்கை உண்டு. உண்மை வேறு: உப்பிலுள்ள சோடியம் தோலின் கல்சியத்தை இடம்பெயர்த்து அதை மென்மையாக்கும். வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. ஆகவே புளியும் தக்காளியும் தேசிக்காயும் கவுப்பி மலரும்வரை வெளியே காத்திருக்கவேண்டும். ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவிக்கவும். இதற்கான காரணம் எட்டாம் பிரிவில், நாகரிகமாகச் சொல்லப்படும்.

பயறு, 100 கிராம். வெறும் தாச்சியில் வாசம் எழும்வரை வறுத்து, பிறகு அவிக்கவும். கரையக் கூடாது. கரைந்தால் அது வேறு துறையின் ஆய்வுப் பொருள்.

சிவப்பு நாட்டரிசி, 200 கிராம். தவிடு முற்றும் தீட்டப்படாதது. கஞ்சி வடிக்காமல் அளந்த தண்ணீரில் ஆக்கவும்.

சுடும் மரக்கறிகள், 800 கிராம். கத்தரிக்காய் 300, பூசணி 300, வத்தாளங்கிழங்கு 200. மூன்றுக்கும் ஒரே நெருப்பு, வெவ்வேறு ஆசனம். சிரட்டைக் கரித் தணலில் கத்தரிக்காயை முழுதாகப் போடவும். அதற்கு முன் முள்ளுக்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஆவி கட்டி வெடித்து ஆய்வாளரின் சட்டையைப் பாழாக்கும். தோல் கருகி, காய் தளர்ந்து சாய்ந்ததும் எடுத்து, தோலை உரித்து, கையால் கிழித்துவிடவும்.

வத்தாளங்கிழங்கைத் தணலின் ஓரத்துச் சாம்பலில் புதைத்து மெல்லச் சுடவும். கிழங்கிலுள்ள நொதி ஒன்று, ஏறத்தாழ 60 முதல் 75 பாகைச் சூட்டில், மாச்சத்தைச் சீனியாக மாற்றும். அவசரப்பட்டுப் பெருநெருப்பில் போட்டால் அந்த நொதி தன் வேலையைத் தொடங்குமுன்னரே செத்துவிடும். பொறுமைசாலியின் கிழங்கு இனிப்பதற்குக் காரணம் ஒழுக்கம் அல்ல, வெப்பம்.

பூசணியைத் தோலோடு கீற்றாக வெட்டி, எண்ணெய், உப்பு, மிளகு பிரட்டி, தாச்சியில் ஒன்றோடொன்று படாமல் பரப்பவும். மேலே தட்டு மூடி, தட்டின் மேலும் தணல். வீட்டில் அவண் இல்லாத காலத்தில் கேக் சுட்ட முறை இதுதான். அடுப்படி நெருக்கடியில் கீற்றுகளைக் குவித்துப் போடுகிறவர்கள் உண்டு. குவித்தால் ஒன்றின் ஆவியில் மற்றது அவியும், சுடாது. மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை சூடு 100 பாகையைத் தாண்டாது. காய் பொன்னிறமாகி மணப்பதற்கு அதைத் தாண்டி 140 பாகை அளவுக்குப் போகவேண்டும்.

கச்சான் சம்பல். வறுத்த கச்சான் 60 கிராம், வறுத்த எள் 20 கிராம், சுட்ட செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு. அம்மியில் கரகரப்பாக அரைத்து, கட்டித் தேங்காய்ப்பால் சிறிது விட்டுத் தளர்த்தி, கடைசியில் தேசிப்புளி. வாகரைப் பக்கத்துக் கச்சான் கிடைத்தால் நல்லது. ஏறாவூரில் வாங்கிய கச்சானுக்கும் ஆய்வு முடிவு மாறாது.

முருங்கையிலைச் சுண்டல். உருவிய இலை 100 கிராம். கடுகு, கறிவேப்பிலை தாளித்து, இலையைப் போட்டு, சுருண்டதும் ஒரு பிடி தேங்காய்ப்பூ. இரண்டு நிமிடத்துக்கு மேல் அடுப்பில் நின்றால் பச்சை போய்விடும்.

அடுக்குமுறை. அடியில் சோறு, அதற்குச் சரிபங்காகக் கவுப்பியும் பயறும், சுற்றிவரச் சுட்ட மரக்கறிகள், ஒரு பக்கம் சுண்டல், நடுவில் சம்பல். மேலே தேசிக்காய்ப் பாதி ஒன்று, பிழிவதற்கு.

5. மாசுபாடு பற்றிய குறிப்பு

மரக்கறி ஆய்வின் மிகப்பெரிய இடையூறு கூனி. இந்தப் பொடி இறாலைக் காயவைத்துப் போத்தலில் போட்டு அடுப்படித் தட்டில் வைத்திருப்பார்கள். முருங்கையிலைச் சுண்டல் அடுப்பில் இருக்கும்போது ஆய்வாளர் ஒரு கணம் திரும்பினால் போதும், ஒரு பிடி கூனி உள்ளே விழுந்திருக்கும். கேட்டால், “அது சும்மா வாசத்துக்கு மனே” என்ற விளக்கம் கிடைக்கும். வாசத்துக்குப் போடப்படும் உயிரினம் உயிரினத்தில் சேருமா என்ற தத்துவ வினாவை மாமி ஏற்றுக்கொள்வதில்லை. சம்பலுக்குள் மாசிக்கருவாட்டுத் தூள் புகுவதும் இவ்வகையே. விரத நாளில் மட்டும் இந்த மாசுபாடு முற்றிலும் நின்றுவிடுகிறது. அந்நாட்களில் போத்தல் மேல்தட்டுக்குப் போய்விடும். ஆகவே தூய தரவுகள் வேண்டுவோர் வெள்ளிக்கிழமைகளில் ஆய்வு நடத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

சோயா மீற் பற்றியும் ஒரு சொல். கொழுப்பு நீக்கிய சோயா மாவில் செய்த இந்தக் கட்டிகளில் ஏறத்தாழப் பாதி புரதம். இறைச்சிக்கறித் தூள் போட்டுச் சமைத்தால் விரதக்காரரே சந்தேகப்படுமளவுக்கு இறைச்சி மாதிரி வந்துவிடும். புரதக் கணக்கை இவ்வளவு எளிதாக உயர்த்திவிடும் பொருளைச் சேர்ப்பது ஆய்வில் களவு என்று கருதி விலக்கினோம்.

6. அளவீடு

புரதக் கணக்கு வருமாறு. உலர்ந்த கவுப்பியிலும் பயற்றிலும் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 24 கிராம் புரதம். ஆகவே 300 கிராமில் 70க்குச் சற்று மேல். சிவப்பரிசியில் 15. கச்சானில் 15. எள்ளில் மூன்றரை. முருங்கையிலையில் ஒன்பது. மரக்கறிகள் எல்லாம் சேர்ந்து பத்தளவில். மொத்தம் 120ஐத் தாண்டும். சட்டியொன்றுக்கு ஏறத்தாழ 30 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ மனிதருக்கு 50 கிராம். ஆக, ஒரு சட்டியில் நாளின் பாதிக்கு மேல் அடங்கிவிடுகிறது.

ஒப்பீட்டுக்காக மாமியின் வழமையான வெள்ளிக்கிழமைச் சாப்பாடும் கணக்கில் எடுக்கப்பட்டது: ஒருவருக்கு 150 கிராம் அரிசிச் சோறு மலையாக, அதன்மேல் 30 கிராம் மைசூர்ப் பருப்பில் ஆக்கிய கறி குளமாக. புரதம் 18 கிராம். அதில் பெரும்பங்கு சோற்றிலிருந்தே வருகிறது. அரிசியில் நூறு கிராமுக்கு ஏழெட்டுக் கிராம்தான் என்றாலும், மலையளவு உண்டால் எதுவும் சேரத்தானே செய்யும்.

விளைவுகளில் தெளிவான வேறுபாடு காணப்பட்டது. மாமியின் சட்டியை உண்டவர் முதலில் பேச்சைக் குறைத்தார், பிறகு சுவரை நாடினார், பிறகு பாயை. ஆய்வுச் சட்டியை உண்டவர் கைகழுவி, வேலிக்கதவைத் திருத்தினார். காரணம் மறைபொருளல்ல. மாச்சத்து மிகுந்த பெருஞ்சாப்பாட்டுக்குப் பின் தூக்கம் தட்டும். கவுப்பியின் மாச்சத்தோ நாரோடும் புரதத்தோடும் பின்னிக் கிடப்பதால் மெல்லத்தான் செரிக்கிறது. இரத்தத்தில் சீனி ஒரேயடியாக ஏறுவதில்லை. உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு என்ற முதுமொழி சோறுண்ட தொண்டனைப் பற்றியது. கவுப்பி உண்ட தொண்டனுக்கு அது பொருந்துவதாக எமக்குத் தோன்றவில்லை.

7. குழைப்பதா, பிரிப்பதா

மட்டக்களப்பார் எதையும் இரண்டாகப் பிரித்தே சிந்திப்பவர்கள். நிலத்தில் எழுவான், படுவான். கூத்தில் வடமோடி, தென்மோடி. கண்ணகி அம்மனுக்காக நடத்தும் கொம்புமுறியில் வடசேரி, தென்சேரி. இரு பக்கமும் கொம்புகளைக் கொளுவி இழுத்து எது முறிகிறதென்று பார்ப்பார்கள். சட்டி மட்டும் ஒன்றாக இருந்துவிடுமா?

குழைப்பு மரபினர் சட்டி வந்ததும் கையை அடிவரை விட்டு எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுவார்கள். குழைத்து உருட்டிக் கையில் வைத்த சோற்றின் ருசி குழந்தைப் பருவத்திலிருந்தே நாக்கில் நிற்கிறது என்பது அவர்களின் முதல் வாதம். இரண்டாவது வாதம் அறிவியல் உடுப்புப் போட்டு வருகிறது: அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறுகளில் அது தாராளம். பயறுகளில் மெதியோனின் குறைவு; அரிசியிலும் எள்ளிலும் அது உண்டு. ஆகவே ஒவ்வொரு கவளத்திலும் இரண்டும் சேர்ந்தால்தான் புரதம் முழுமையாகும் என்பார்கள்.

பிரிப்பு மரபினர் ஒவ்வொன்றையும் அதனதன் எல்லைக்குள் வைத்து, ஒரு வாய் கவுப்பி, ஒரு வாய் பூசணி என்று முறை வைத்து உண்பார்கள். எதை உண்கிறோம் என்று தெரிந்து உண்பதே அறிவு என்பது அவர்கள் நிலைப்பாடு. கூனி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் இதுவே வழி.

அறிவியல் எந்தப் பக்கம்? அமெரிக்காவில் பிரான்சஸ் மூர் லாப்பே 1971இல் எழுதிய நூலில் தானியமும் பயறும் ஒரே வேளையில் சேரவேண்டும் என்று வலியுறுத்தியிருந்தார். பத்தாண்டு கழித்து வந்த பதிப்பில் அவரே அதைத் தளர்த்திவிட்டார். உடல் ஒரு நாள் முழுவதும் உண்பவற்றிலிருந்து அமினோ அமிலங்களைச் சேர்த்துக்கொள்கிறது. ஒரே கவளத்தில் சேரவேண்டிய கட்டாயமில்லை. ஆகக் குழைப்பு மரபினரின் இரண்டாம் வாதம் முறிந்தது. முதல் வாதம் முறியவில்லை. ருசியை முறிக்க வல்ல ஆய்வு உலகில் எங்கும் இல்லை.

இணக்கம் தேடுவோர் பிட்டைக் காட்டுகிறார்கள். இங்குள்ள தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று இரு சமூகத்தாரும் சொல்வதுண்டு. பிட்டுக்குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் மாறிமாறி அடுக்காக நிற்கும், கலந்துபோவதுமில்லை, விலகிப்போவதுமில்லை. நான்காம் பிரிவில் தந்த அடுக்குமுறை இந்த மூன்றாம் மரபைத் தழுவியது. இரு தரப்பாருக்கும் அது பிடிக்காது என்பதிலிருந்தே அதன் நடுநிலைமை விளங்கும்.

8. மறுப்புரைகளும் விடைகளும்

மறுப்பு ஒன்று: பாயில் சரிவதற்குக் காரணம் சட்டியல்ல, காற்று. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வறண்டு கொதித்து வீசும்போது, உண்டவர் உண்ணாதவர் எல்லோரும் பாயைத்தான் தேடுவார்கள். இது நியாயமான மறுப்பு. பிற்பகல் இரண்டு மணியளவில் உடல் தானாகவே சற்று அயரும் என்பதும் உண்மை. ஆயினும் அதே காற்றில், அதே இரண்டு மணிக்கு, வேலிக்கதவு திருத்தப்பட்டதை ஆறாம் பிரிவில் காட்டியுள்ளோம்.

மறுப்பு இரண்டு: வயிற்றின் இசை. பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சீனிகள் உண்டு. இவற்றை உடைக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் இல்லை. பெருங்குடல் நுண்ணுயிர்கள் அவற்றைப் பொறுப்பேற்று வாயுவாக மாற்றுகின்றன. வாவியில் பாடுவது மீனா ஊரியா என்ற வழக்குக்கு முடிவு வரவில்லை. இங்கே பாடுவது யாரென்பதில் ஐயமே இல்லை. ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் நன்றாக அவித்தால் இந்தச் சீனிகளில் ஒரு பகுதி போய்விடும். பயற்றை முளைகட்டினால் இன்னும் குறையும். பழகாதவர்கள் முதல் வாரம் அளவோடு உண்டால் வீட்டில் சமாதானம் நிலவும்.

மறுப்பு மூன்று: இரும்புச்சத்து. கவுப்பியிலும் முருங்கையிலும் இரும்பு உண்டு, ஆனால் உடல் அதை எளிதில் எடுத்துக்கொள்ளாது. தேசிக்காயின் வைட்டமின் சி அதற்கு உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்டீ அதைத் தடுக்கும். பிளேன்டீயை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கும்படி மாமியிடம் கேட்டோம். “தேத்தண்ணி குடிக்காம மனிசன் எப்படி எழும்புவான்?” என்று அவர் திருப்பிக் கேட்டார். இந்தப் புள்ளியில் ஆய்வாளர் பின்வாங்கினார்.

மறுப்பு நான்கு: விலை. 2020இலிருந்து பயறு, கவுப்பி, உழுந்து போன்றவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது கடையில் உழுந்து வடை காண்பதே அரிதானது. 2022 நெருக்கடியில் பருப்பும் கைக்கெட்டாமல் போனது. மைசூர்ப் பருப்பு கப்பலில் வரவேண்டிய பொருள். கவுப்பியும் பயறும் படுவான்கரைச் சேனையிலும், வயலில் நெல் வெட்டிய ஈரத்திலும் விளையக்கூடியவை. வேர்முடிச்சில் காற்றின் நைதரசனைப் பிடித்துவைத்து அடுத்த பயிருக்கும் நிலத்தைத் தேற்றிக் கொடுப்பவை. எனவே கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்கும் சட்டியைவிடப் படுவான்கரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் சட்டி உறுதியானது. இந்த ஒரு பந்தியை மட்டும் வேடிக்கைக்காக எழுதவில்லை.

9. முடிபும் பரிந்துரைகளும்

பாயோடு ஒட்டவைக்கும் பசை சோறு. அதைத் தளர்த்தும் கரைசல் பயறு. அவித்த பின் சோறும் பயறும் சரிக்குச் சரி நின்றால் உண்டவர் வயிறு நிறைந்து எழும்புவார். இதன் அடிப்படையில் வாவிக்கரை வீடுகளுக்குப் பின்வரும் அளவுகள் பரிந்துரைக்கப்படுகின்றன.

விடியும்வரை வட்டக்களரியில் ஆடப்போகும் கூத்தருக்கும் அண்ணாவியாருக்கும்: சோறு ஒன்று, பயறு ஒன்று. வெயிலில் அரிவி வெட்டப் போகிறவருக்கும் அதே அளவு, சட்டி மட்டும் பெரிது. கடன் கேட்க வந்தவருக்கு: சோறு ஒன்று, பயறு இரண்டு, விரைவில் புறப்படுவார். மகளைப் பார்க்க வந்திருக்கும் வெளியூர் மாப்பிள்ளைக்கு: சோறு நான்கு, பயறு ஒன்று, மேலே தயிர், இங்கே பாலில்லாக் கொள்கை தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படுகிறது.

இந்தக் கடைசிப் பரிந்துரையை மட்டும் மாமி ஏற்றுக்கொண்டார். அது தனக்கு ஏற்கெனவே தெரியும் என்றும் சொன்னார். வருகிறவர் யாரென்று முன்கூட்டியே தெரியாத வீட்டார் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவைக் கைக்கொள்ளலாம். எந்த அளவானாலும், கவுப்பியை முதல்நாள் இரவே உப்புத்தண்ணீரில் ஊறப்போடுங்கள்; காலையில் ஞாபகம் வந்து ஊறப்போட்டால் மத்தியானம் சோறு மட்டும்தான் கிடைக்கும்.